ஏழு மடக்கு நாற்காலிகள்

ஆண்கள் கழிப்பறைக்கு நிற்கும் வரிசையைக் கடக்கும்போது மட்டும் வெர்னா ஸ்டப்ஸ் நடையின் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இடைவேளை பதினைந்தே நிமிடம். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள். பெண்கள் பக்கம் ஈ காக்கை இருக்காது. உள்ளே போய், நிதானமாகக் கை கழுவி, உதட்டுச் சாயம் பூசி வெளியே வந்து, அதே வரிசையை இன்னொரு முறை கடப்பார். "நல்லா நில்லுங்க ராசாக்களா. நான் போயிட்டே வந்துட்டேன்." லாஸ் வேகாஸின் கோடைகாலப் போக்கர் தொடரில், மூத்தவர்களுக்கான போட்டிக்குப் பதினோராவது வருடமாக வருகிறார். இதுவரை அவர் கண்ட வெற்றி இது ஒன்றுதான்.

வெளியே நாற்பத்து மூன்று டிகிரி வெயில். தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் வெர்னாவின் தோளில் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை. ஆட்டக் கூடத்தில் ஏசி போடுகிறவர்கள் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்து, மீன் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கட்சி. பையில் நான்கு அவித்த முட்டை. கூடத்தில் விற்கும் சாண்ட்விச்சின் விலையைக் கேட்டால் பசி தானே அடங்கிவிடும் என்பார். முட்டையை மேசையிலேயே உரிப்பார். பக்கத்து ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தப்புத் தப்பாக ஆடுவார். அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மேசையைச் சுற்றி உட்காரும் கிழவர்களை அவர் பார்ப்பது, பேருந்தின் உள் கண்ணாடியில் கடைசி இருக்கைப் பையன்களைப் பார்த்த அதே பார்வை. யாராவது கையில் ஒன்றும் இல்லாமல் பொய்யாகப் பந்தயச் சில்லுகளைத் தள்ளினால் தலையைத் தூக்காமலே சொல்வார்: "வாயில என்ன வச்சிருக்க, துப்பு." பாதிப் பேர் சீட்டைக் கீழே போட்டுவிடுவார்கள்.

அவருடைய சீட்டுகளின் மேல் எப்போதும் ஒரு கியர் குமிழ் உட்கார்ந்திருக்கும். அவர் ஓட்டிய 214ஆம் எண் பேருந்தை உடைக்க அனுப்பிய அன்று திருகிக் கழற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். அதன் மேல் ஏதாவது பாரம் வைக்காவிட்டால், வேண்டாம் என்று போட்ட சீட்டு என நினைத்து, சீட்டுப் போடுகிறவர் வாரிக்கொண்டு போய்விடலாம். போனால் போனதுதான். இதைப் பற்றி வெர்னா கூடம் முழுக்கப் பிரசங்கம் செய்வார். "உன் சீட்டை நீதான் பாத்துக்கணும். உங்கம்மா வந்து பாத்துக்க மாட்டா." காலையிலிருந்து நான்கு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒருவர் கண்ணீர் விடாத குறை.

இத்தனை சிரத்தைக்கும் காரணம் ஏழு நாற்காலிகள். செவ்வாய்தோறும் பாய்டின் கார் கழுவும் கடையின் பின்னறையில் ஏழு பேர் கூடி ஆடுகிறார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு: கோடைப் போட்டியில் ஒருமுறைகூடப் பரிசுப் பட்டியலில் பெயர் வராதவர்தான் இரும்பு மடக்கு நாற்காலிகளைச் சுமந்து வந்து விரிக்க வேண்டும். ஆறு பேருக்கும் எப்போதோ வந்துவிட்டது. காது கேட்காத பாய்டுக்குக்கூட வந்துவிட்டது. பதினோரு வருடமாக வெர்னாதான் சுமக்கிறார். முட்டி போய்விட்டது, அது பரவாயில்லை. அவர் நாற்காலி விரிக்கும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வானிலை பேசுவதுதான் அவருக்கு வலிக்கிறது.

அவர்களில் ஒருவர் ஆர்லன் பைக், மெத்தைக் கடைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோற்று வெளியே வந்து, பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று புலம்பினார். "என்கிட்ட ரெண்டு ராணி இருந்துச்சு வெர்னா, அந்தப் பாவி கடைசிச் சீட்டுல..." வெர்னா உள்ளங்கையை நீட்டினார். "ஒரு டாலர் வை. அப்புறம் அழு." தோற்ற கதையைக் கேட்க டாலர் கேட்பது கூடத்தின் வழக்கம். ஆர்லன் வைத்துவிட்டே அழுதார்.

மாலை ஆறேகாலுக்கு, இடைவேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும், ஒலிபெருக்கி அறிவித்தது: இன்னும் ஒரே ஒருவர் வெளியேறினால் மிச்சமிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பரிசு. அந்த ஒருவர் யார் என்று தெரியும்வரை எல்லா மேசைகளிலும் ஒவ்வொரு ஆட்டமாகத்தான் போடுவார்கள். ஒரு மேசை முடித்துவிட்டால் மற்றவை முடியும்வரை சும்மா உட்கார வேண்டும். வெர்னாவிடம் மிஞ்சியது ஒரு கைப்பிடிச் சில்லு. எதிரே ஒஹையோவிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியர் தொடை மேல் தொடை போட்டு நெளிந்துகொண்டிருந்தார். வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றும் அவர் முறை வரவில்லை.

"என்ன டாக்டர், நாற்காலியில முள்ளா?" என்றார் வெர்னா.

"பேசாதீங்க. சிரிப்பும் காட்டாதீங்க. தயவு பண்ணுங்க."

நான்காவது ஆட்டத்தில் வெர்னா சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஏஸ். இன்னொன்று, அதுவும் ஏஸ். கயிற்றுக்கு அப்பால் ஆர்லன் இரு கைகளையும் ஆட்டிச் சாடை காட்டினார்: எதையும் தொடாதே, சும்மா இரு, யாராவது தொலைவார்கள். நல்ல புத்திதான். ஆனால் இரண்டு ஏஸை எறிந்துவிட்டுப் பட்டியலில் ஏறுவதற்கு நாற்காலி தூக்கியே சாகலாம் என்று வெர்னாவுக்குத் தோன்றியது. இருந்ததை எல்லாம் இரு கையாலும் நடுவே தள்ளினார். தள்ளிய வேகத்தில், சீட்டுகளின் மேலிருந்த கியர் குமிழை எடுத்து முத்தமிட்டார்.

அடுத்த இருவர் தங்கள் சீட்டுகளை வீசினார்கள். சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த மரிசெல் அவற்றை வாரினாள். அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த வெர்னாவின் இரண்டு சீட்டும் சேர்ந்தே போயின.

வெர்னா இரு கைகளையும் தூக்கிக் கத்தினார். மேற்பார்வையாளர் வந்தார், கேட்டார், தலையாட்டினார். "உங்க ஆட்டம் செல்லாது மேடம். யாரும் இன்னும் பதிலுக்குப் பந்தயம் கட்டாததால சில்லு உங்களுக்கே திரும்ப வரும். ஆனா உங்க சீட்டை நீங்கதான் பாத்துக்கணும்."

ஊருக்கு உபதேசம் செய்தவருக்கு உபதேசம். காலையில் பாடம் கேட்ட நால்வரில் ஒருவர் அதே மேசையில் இருந்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெர்னா குமிழை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் முட்டியது உண்மை.

ஆட்டம் தொடர்ந்தது. பல் வைத்தியரால் இன்னொரு ஆட்டம் தாங்க முடியாது. "போதும்" என்று முனகிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினார். அவரிடம் இருந்ததோ ஒரு ஜாக்கி, ஒரு நாலு. மேசையிலேயே பெரிய குவியல் வைத்திருந்த டெக்சாஸ் தொப்பிக்காரர் இரண்டு ஏழோடு எதிர்த்தார். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரித்த ஐந்து சீட்டில் மூன்றாவது ஏழு வந்து விழுந்தது. ஏஸ் ஒன்றுகூட இல்லை; மூன்று ஏழுக்கு முன்னால் இரண்டு ஏஸ் தோற்றுத்தான் போயிருக்கும்.

தொப்பிக்காரர் வெர்னா பக்கம் திரும்பினார். "அம்மணி, உங்களையும் விட்டிருக்க மாட்டேன். ஏழுன்னா எனக்கு உசுரு. உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. குப்பை," என்றார் வெர்னா.

பல் வைத்தியர் அதற்குள் ஓடிவிட்டார். கழிப்பறையில் இப்போது வரிசையே இல்லை. ஒலிபெருக்கி எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிழவர்களை அனுப்பிவிட்டு மிஞ்சிய பட்டியலில் வெர்னா ஸ்டப்ஸ் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னறைக்கு அவர் போனபோது, ஆர்லன் கதையை எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

"சீட்டைத் தொலைச்சுப் பரிசு வாங்கின ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான். ஜெயிச்சது நீ இல்ல, அந்த டாக்டரோட மூத்திரப்பை."

"சரி. பட்டியல்ல யார் பேரு இருக்கு? மூத்திரப்பை பேரா?"

சுவரோரம் ஏழு நாற்காலிகளும் மடங்கிச் சாய்ந்திருந்தன. எல்லாருடைய பெயரும் பட்டியலில் வந்துவிட்டால் யார் சுமப்பது என்று சட்டத்தில் எழுதவில்லை. வெர்னாவின் பெயர் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. பாய்ட் மேற்கூரையைப் பார்த்தார். ஒருவர் வானிலை பேச ஆரம்பித்து நிறுத்தினார்.

வெர்னா சுவரை நோக்கி நடந்தார். அப்பாடா என்று ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர் ஒரே ஒரு நாற்காலியை எடுத்துவந்து, டணாரென்று விரித்து, உட்கார்ந்து, கியர் குமிழை மேசையின் மேல் வைத்தார்.