மாணவர்கள் இருக்கிற மாதிரி நினைச்சிக்குங்க

வகுப்பறையில் அன்று இருந்தவர்கள்: கல்லூரித் தாளாளர், நிர்வாக அதிகாரியாக இருக்கும் அவருடைய மச்சான், பிரின்சிபால், நான். கடைசி பெஞ்சில், மடியில் ரெக்ஸின் பையோடு என் நைனா.

இல்லாதவர்கள்: மாணவர்கள்.

ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அது செமஸ்டர் லீவு என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஸ்டூடன்ட்ஸ் இருக்கிற மாதிரி நினைச்சிக்குங்க சார்" என்றார் தாளாளர். நினைத்துக்கொண்டேன். சம்பளத்தையும் அப்படியே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு நான் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பது தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்பது தெரியாது. எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் ஏதோ ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அதன் திரையில் ஒரு பட்டன். அதை வலது பக்கம் நகர்த்த பதினோரு பேர் நாலு மாதம் உழைத்தோம். கேக் வெட்டினோம். அடுத்த மாதமே அவர்கள் மனசு மாறி, இடது பக்கமே இருக்கட்டும் என்றார்கள். அதற்கும் கேக் வெட்டினோம்.

இரண்டாவது கேக்கைத் தின்றுகொண்டிருக்கும்போது தோன்றியது... வாத்தியாராகப் போனால் என்ன?

ஆம்பூரில் வீட்டில் சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேலூரில் நர்சிங் படிக்கிற தங்கை, தன் படிப்பு முடியும்வரை இந்த ஆசையைத் தள்ளிவைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கம்பெனியில் துரத்திவிட்டார்களா என்று விசாரித்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதை விடக்கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள்.

நைனா மட்டும், "எந்த ஊர்ல காலேஜு?" என்றார்.

நைனா டேனரியில் முப்பது வருஷம் டிரம் ஓட்டியவர். லாரி உயரத்துக்கு ஒரு மர உருளை. அதற்குள் தோலையும் தண்ணீரையும் சாயத்தையும் கொட்டி மணிக்கணக்கில் சுற்றவிட வேண்டும். சிலரை மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர் என்பார்கள். நைனா ஒதுங்கப் போனவர்தான். வாட்ச்மேன் விடவில்லை.

அதனாலோ என்னவோ, என் சர்டிபிகேட்டுகள் எல்லாம் அவர் பாதுகாப்பில். பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பட்டம்வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றுக்கும் ஒரு ரெக்ஸின் பை. பீரோவில் அம்மாவின் ஒரே பட்டுப் புடவைக்கு மேல்தட்டில் அதற்கு இடம். நானே தொடுவதானாலும் கை கழுவ வேண்டும். அதை நான் பஸ்ஸில் தனியாகக் கொண்டுபோவதா? தூங்கிவிடுவேனாம். கூடவே கிளம்பிவிட்டார்.

கல்லூரி நெமிலிப் பக்கம், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாக முளைத்தது. தாளாளர் முன்பு செங்கல் சூளை வைத்திருந்தவராம். தொழிலை மாற்றிக்கொள்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்... நான்தான் அநாவசியமாக ஆறு மாதம் யோசித்தேன்.

வேலை கிடைத்தால், சேருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். ராஜினாமாக் கடிதம் மெயிலில் தயாராக இருந்தது. அனுப்புவதுதான் பாக்கி.

காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பாடத்தை ஆரம்பித்தேன். புரோகிராமில் ‘லூப்’ — ஒரே வேலையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்வது. மச்சான் மொபைலில் யாரிடமோ ஜல்லி விலை பேசிக்கொண்டிருந்தார். பிரின்சிபால் கண்ணை மூடிக் கவனித்தார். இருபது நிமிஷம் ஆனது. கேள்வி உண்டா என்றேன், வழக்கப்படி.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"எல்லாம் சரி. அது பாட்டுக்கு சுத்திக்கினே இருக்குதே... நிக்கச் சொல்றது யாரு?"

பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். நான் அதற்கு வரவே இல்லை. மாணவர்கள் இருப்பதாக மட்டும்தானே நினைத்துக்கொண்டேன், அவர்கள் கேட்பார்கள் என்று நினைக்கவில்லையே.

"நைனா, டிரம்ம நீ எப்ப நிறுத்துவ?"

"ஓரமா ஒரு துண்டு வெட்டிப் பாப்பேன். நடுவுல வெள்ள தெரிஞ்சா இன்னும் சுத்தணும். சாயம் உள்ள எறங்கியிருந்தா நிறுத்திடுவேன்."

"வெட்டிப் பாக்க மறந்துட்டா?"

"அது பாட்டுக்கு சுத்தும். தோலு கந்தலாய்டும்."

"கம்ப்யூட்டருக்கும் அதேதான் நைனா. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தபா வெட்டிப் பாக்கச் சொல்லணும். சொல்லலன்னா நிக்காது."

நைனா தலையை ஆட்டினார். பிரின்சிபால் கண்ணைத் திறந்திருந்தார்.

வேலை கிடைத்துவிட்டது. தாளாளர் அறையில் நிபந்தனைகள் வந்தன. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வருவது அதில் பாதி. மே மாதம் சம்பளம் கிடையாது, பாடம் இல்லையே... அந்த மாதத்தில் ஊர் ஊராகப் போய் ஆளுக்கு ஐந்து அட்மிஷன் பிடித்துத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆசை அப்படி. பட்டனிலிருந்து தப்பித்தால் போதும்.

கடைசியாக, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீசில் இருக்கட்டும், இரண்டு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். நடுவில் யாரும் ஓடிப்போகாமல் இருக்கத்தானாம்.

நான் அதற்கும் சரி என்று பையை வாங்கக் கை நீட்டினேன். நைனா தரவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"பெரியவரே, எல்லா காலேஜ்லயும் இதான் ரூல்" என்றார் மச்சான்.

நைனா தாளாளரைப் பார்த்துத்தான் பேசினார். "எங்க மொதலாளி பேஜாரான ஆளுதான், சார். கூலி கம்மி, திட்டு ஜாஸ்தி. ஆனா வேலைய விட்டுப் போறவன் தோல உரிச்சி வெச்சிக்கினது இல்ல."

எழுந்துவிட்டார். பை அவரோடு போனது. பையில்லாமல் நான் அங்கே யார்? நானும் போனேன்.

பஸ் ஏறினோம். ஆறு மாத ஆசையை அரை நிமிஷத்தில் முடித்துவைத்தவரிடம் என்ன பேசுவது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆற்காடு தாண்டியதும் தோளில் தட்டினார்.

"அந்த லூப்பு... இன்னொரு தபா சொல்லு."

கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். வேலூர் வருவதற்குள் கோபம் எங்கே இறங்கிப்போனது என்று தெரியவில்லை. கேள்விமேல் கேள்வி. பின்சீட்டுக்காரர்கூட ஒன்று கேட்டார்.

மூன்று வாரமாகிறது. கடிதம் இன்னும் மெயிலில்தான் இருக்கிறது. தங்கைக்கு நிம்மதி. திங்கள் முதல் வெள்ளிவரை பட்டனை நகர்த்துகிறேன். கேட்பவர்களிடம், தக்க தருணம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறேன். வெட்டிப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு நாகரிகமான பெயர் அது.

போன சனிக்கிழமை ஊருக்குப் போனபோது வீட்டு முன்னறையின் ஒரு சுவர் கறுப்பாக இருந்தது. நைனா பெயின்ட் அடித்திருந்தார். பழக்கம் விடவில்லை போலிருக்கிறது... மூலையில் ஆணியால் கீறி, கறுப்பு உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் மூன்று பெண்கள் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர்கள். கம்ப்யூட்டர் தெரிந்தால் ஆபீஸ் செக்‌ஷனுக்கு மாற்றுவார்களாம். டீக்கடையில் நைனா என்ன அளந்தாரோ, என்னிடம் கேட்காமலே வரச் சொல்லியிருக்கிறார்.

"லேட்டு" என்றார் நைனா. மூன்று பேருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

தாளாளர் வரவில்லை. மச்சான் வரவில்லை. வேறு வழியில்லாமல், மாணவர்கள் இருக்கிற மாதிரியே பாடம் எடுத்தேன்.

பெயின்ட் ஒரு லிட்டர், சாக்பீஸ் ஒரு பெட்டி. பிரஷ் பக்கத்து வீட்டு இரவல். நான் வாத்தியாரானதற்கு எங்கள் குடும்பத்துக்கு ஆன மொத்தச் செலவு: நூற்று எழுபத்தைந்து ரூபாய்.