லெப்பைக்குடிக்காடு என்று எழுதிய ஒயர்

துறையூர் பஸ் கிளம்பிய நேரத்தைக் குறிக்கப் பேனாவை எடுத்தபோது டைம் ஆபீஸ் போன் அடித்தது. "மாமா, நஸ்ரின் பேசுறேன். அத்தா மவுத்தாயிட்டாங்க" என்று அப்பா இறந்த செய்தியைச் சொன்னாள் ஜமால் பாயின் மகள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இத்தனை வருடமாக டைம்கீப்பராக இருக்கிறேன். ஒரு பஸ்ஸின் நேரத்தை எழுத மறந்தது அன்றைக்கு மட்டும்தான்.

இந்தப் பக்கம் ஜீப்போ டிராக்டரோ வைத்திருப்பவர்களுக்கு பாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் ஒயரிங் செய்த வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றினால் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கும்; அதில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். ஏன் பாய் என்று கேட்டால், "எல்லாம் நம்ம டைம்கீப்பரு பண்ண வேலைங்க" என்று என்னைக் கை காட்டிவிடுவார். நானும் சிரித்து மழுப்புவேன். நிஜக் காரணத்தை இப்போது சொல்லலாம் என்று அவருடைய மனைவி சம்மதித்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பழைய ராணுவ ஜீப் வாங்கினேன். ஆண்டிமடத்தில் ஒரு முந்திரிக் காட்டுக்குள் வருடக்கணக்காகக் கிடந்த வண்டி. இன்ஜினைத் தேற்றியாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று. ஒயரை மட்டும் அணில்கள் மிச்சம் வைக்காமல் தின்றிருந்தன. என் மனைவிக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி.யில பாஸாவலைன்னா காயலாங்கடைக்குத்தான் போவணும், சொல்லிட்டேன்" என்று கெடு வைத்தாள்.

அப்போதுதான் ஜமால் பாய் சவூதியிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைக்க இடம் பார்த்திருந்தார். "உங்க ஜீப்புதாங்க எனக்கு மொத வேலை. இது பாஸானா மறுநாளே போர்டு மாட்டிடுவேன்" என்றார். நான் திருச்சிக்குப் போய் ஏழெட்டு நிறத்தில் ஒயர் வாங்கி வந்தேன். இரண்டு நாளில் பாய் எல்லாவற்றையும் வண்டிக்குள் இழுத்துவிட்டார்; முனைகளை இணைப்பது மட்டும் பாக்கி. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஒன்றில் இரண்டு முடிச்சு, இன்னொன்றில் ஐந்து. கண்திருஷ்டிக்கு ஏதோ கட்டுகிறார் என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. வண்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜைக்கு வைக்கிற வண்டியில் கிரீஸ் படிந்த நூல் தொங்கலாமா என்று கத்திரிக்கோலை எடுத்து அத்தனையையும் வெட்டி எறிந்தேன். சுத்தமாக இருந்தது. எனக்கே ரொம்பப் பெருமை.

மறுநாள் பாய் வந்து குனிந்து பார்த்தார். "நூலு எங்கங்க?"

"அழுக்கா இருந்துச்சு பாய், வெட்டிட்டேன். அதான் கலர் கலரா ஒயர் இருக்கே?"

அவர் மட்கார்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு ஒயரைப் பிடித்துக் காட்டி, "இது என்ன கலரு?" என்றார்.

"பச்சை."

"இது?"

"சிவப்பு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். "பொறந்ததுலேருந்தே அப்படித்தான். சவூதியில நூலை வச்சே பத்து வருஷம் ஓட்டிட்டேன். கடைசியில ஒரு டெஸ்ட் வச்சு கண்டுபுடிச்சு அனுப்பிட்டாங்க. இங்கயும் வெளில தெரிஞ்சா எவன் என்கிட்ட வண்டியை விடுவான்? கடையாவது, போர்டாவது."

அழுக்கு என்று நினைத்து நான் வெட்டியது ஒரு மனிதனின் பிழைப்பை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. "நூலு போனா போவுது பாய். சீட்டு எழுதிக் கட்டிடுவோம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பஸ்ஸும் ஊரும்தான். அதையே எழுதுறேன்" என்றேன்.

டைம் ஆபீஸின் பழைய தாள்களைக் கிழித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். நான் நிறத்தைச் சொல்ல, அவர் பல்பை வைத்துச் சோதிக்க, நான் எழுதினேன். வலது ஹெட்லைட் அரியலூர், இடது ஆண்டிமடம், பிரேக் லைட் துறையூர். ஹாரனுக்கு என்ன ஊர் என்று யோசித்தபோது, "குரும்பலூர்னு எழுதுங்க. சத்தமெல்லாம் அங்கேருந்துதானே வரும்?" என்றார். குரும்பலூர் என் மாமனார் ஊர். காபி கொண்டுவந்த என் மனைவி, "காதுல வுழுந்துச்சு. ரெண்டு பேருக்கும் காபி கிடையாது" என்று டம்ளர்களோடு திரும்பிப் போனாள். பாய் மட்கார்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கடைசியாக மிஞ்சியது எர்த் ஒயர். பாய் பேனாவை என்னிடமிருந்து வாங்கித் தானே எழுதினார்: லெப்பைக்குடிக்காடு. அவருடைய சொந்த ஊர். "கரன்ட்டு எங்க சுத்துனாலும் இங்க திரும்பி வந்தாத்தாங்க வெளக்கு எரியும்" என்றார்.

எஃப்.சி. அன்று இன்ஸ்பெக்டர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பஸ் ஸ்டாண்டா?" என்றார். பாய் அசரவில்லை. "எந்த ஊருக்குப் போவணும் சொல்லுங்க சார்" என்று ஒவ்வொன்றாக எரியவிட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாளே கடை போர்டு ஏறியது. அதை மாட்ட ஏணியைப் பிடித்தது நான்தான். புது வண்டிக்கெல்லாம் நிறத்தைச் சொல்ல, டூட்டி முடிந்ததும் நானே கடைக்குப் போய்விடுவேன். வெளியே பார்ப்பவர்களுக்கு நான் வெட்டிப் பேச்சுக்கு வந்தவன்.

அடக்கத்துக்கு அந்த ஜீப்பில்தான் லெப்பைக்குடிக்காடு போனேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள், மறுபடி மறுபடி திருப்பினேன். வாசலில் நின்ற நஸ்ரின் அழுத கண்ணோடு சொன்னாள்: "மொதல்ல லெப்பைக்குடிக்காட்டைப் பாருங்க மாமா. அத்தா எப்பவும் அதத்தான் சொல்லுவாங்க."

பார்த்தேன். எர்த் போல்ட் லூசாகியிருந்தது. முறுக்கினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது, என் கை தெரியாமல் ஹாரனில் பட, ஊரே அதிரக் குரும்பலூர் அலறியது. நஸ்ரின் சிரித்துவிட்டாள். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். பாய் இருந்திருந்தால் மட்கார்டைத் தட்டியிருப்பார்.

அந்த ஜீப்பில் மற்ற சீட்டெல்லாம் என் எழுத்து. எர்த் ஒயரில் மட்டும் அவர் எழுத்து. கிரீஸ் படிந்து கறுத்துப்போய் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டி முழுவதையும் துடைக்கிறேன். அந்த அழுக்கை மட்டும் தொடுவதில்லை.