இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் நான்

வெள்ளிக்கிழமை சாமி மேடையைத் துடைக்கும்போது அம்மன் படத்துக்குக் கீழே இருக்கும் நோட்டையும் எடுத்துத் துடைப்பேன். போன வாரம் எடுத்தபோதும் அதில் மீன் கறி வாசம். சாமி மேடையில் மீன் வாசமா என்று கேட்காதீர்கள். அம்மனிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் புத்தகம் முதலில் எழுதப்பட்டது அந்த நோட்டில்தான். "ரெண்டு பேரு சேந்து எப்படிக்கா ஒரே புக்க எழுதுனீங்க?" என்று கோயிலில் இன்னமும் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டு, முப்பது வருஷம் கையுறை ஆலையில் நின்றவள் நான். தனியாக எழுதத் தெரிந்திருந்தால் இரண்டாவது ஆள் எதற்கு?

இரண்டாவது ஆள் ஜெய்லானி அண்ணன். சுங்காய்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவருடைய அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். இப்போது என் வீட்டுப் பக்கம் சிலிபினில் அண்ணனுக்குச் சாப்பாட்டுக் கடை. ஒரு நாள் ரொட்டி வாங்கப் போனேன்.

"தங்கச்சி, நம்ம தோட்டத்து லய வீட்டையெல்லாம் இடிச்சிட்டானாம்லா. எழுதி வச்சாத்தான் இனிமே உண்டு."

"எனக்கு எழுத வராதுண்ணே."

"எனக்கு மட்டும் வருதா? வா, ரெண்டு பேரும் சேந்து தெரியாம எழுதுவோம்."

இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு. ஒருவர் எழுதியதை மற்றவர் அடிக்கக் கூடாது. மத்தியானக் கூட்டம் கலைந்து மூன்று மணிக்கு உட்காருவோம். அவர் எழுதியதை நான் வாசிக்க வேண்டும், நான் எழுதியதை அவர் வாசிக்க வேண்டும். நாம் எழுதியதை நாமே வாசித்தால் குரலிலேயே சரிக்கட்டிவிடுகிறோம். அடுத்தவர் வாயில் வரும்போதுதான் பொய் தடுக்கி விழும். பக்கத்தில் மாவு பிசையும் ரொட்டி மாஸ்டர்தான் எங்கள் நீதிபதி. விடியற்காலைப் பனியைப் பற்றி நான் உருகி உருகி எழுதியிருந்தேன். "அக்கா, அரை பக்கமா பனியே பேஞ்சிட்டு இருக்கு, ஆளு எப்ப வரும்லா?" என்றார். பனியை இரண்டு வரியில் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு என் அப்பாவைப் பற்றி எழுதினேன். அப்பா தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவர். கோயில் கட்டியது, திருவிழா நடத்தியது என்று நான்கு பக்கம். எதிரே இடது பக்கங்கள் நான்கும் வெள்ளையாகவே கிடந்தன. தோட்டத்து நாயைப் பற்றிக்கூட ஒரு பக்கம் எழுதிய மனிதர்! ஏன் என்று கேட்டேன்.

"பாப்பாத்தி அக்காவ விட்டுட்டியே, தங்கச்சி" என்றார் மெதுவாக.

விட்டுவிட்டேன் என்று எனக்கும் தெரியும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார் அப்பா. ரப்பர் பால் வெட்டும் பாப்பாத்தி அக்கா ஏழு மாத வயிற்றோடு ஓடி வந்தார். "நேரம் தாண்டிருச்சு, வீட்டுக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினார் அப்பா. தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு நின்று நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

"நீங்களே எழுதிக்குங்களேன்" என்றேன் சூடாக.

"நா எழுதுனா மண்டோரு மேல குத்தம் சொன்ன மாதிரி ஆவும். ஒங்கப்பாவ நீதான் எழுதணும்."

நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு கடை ரொட்டி; என் கையுறை ஆலையில் செய்த மாதிரி இழுத்தது. மாலை போட்ட அப்பா படத்தைப் பார்க்கும்போதெல்லாம், பெற்ற மகளே காட்டிக்கொடுப்பதா என்று மனம் அடித்துக்கொண்டது. நான்காவது வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அம்மன் முன்னாலேயே உட்கார்ந்து, பெரட்டில் பார்த்ததை எழுதினேன்.

எழுத ஆரம்பித்ததும் கை நிற்கவில்லை. அம்மாவின் கால்வலியும் சேர்ந்து வந்தது. பால் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை மரம் உண்டு, நிரை என்போம். அம்மாவுக்குத் தோட்டத்து ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் சமதரை நிரை. பாப்பாத்தி அக்காவைத் திருப்பி அனுப்பிய அதே வாரம் அப்பா அவரை மேட்டு நிரைக்கு மாற்றிவிட்டார். சாயங்காலம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா திட்டுவார்: "கட்டுனவளையே மலையில ஏத்திட்டான் பாரு!" ஏதோ புருஷன் பெண்சாதிச் சண்டை என்றுதான் நாங்கள் பிள்ளைகள் நினைத்தோம்.

மறுநாள் மூன்று மணிக்கு அண்ணன் அதை வாசித்தார். கால்வலி வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இரு, இரு. புள்ள பெறுற வரைக்கும் பாப்பாத்தி அக்கா ஆலைகிட்டதான வெட்டுனாங்க? எங்க அத்தா கடை வாசல்லேருந்து தெனம் பாத்தேனே. அது யாரு நெரை?"

"எங்கம்மா நெரைண்ணே."

மாவு பிசைகிற சத்தம் நின்றது.

"அப்ப மண்டோருதான் மாத்தி வுட்டிருக்காரு!" என்றார் மாஸ்டர். "எழுதிருங்கலா!"

எனக்குக் கண்ணீர் முட்டியது. அப்படியே எழுதிவிடத்தான் ஆசை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா, அம்மா, பாப்பாத்தி அக்கா மூவருமே உயிரோடு இல்லை. அண்ணன் கூடாது என்று தலையாட்டினார்.

"எதுக்கு மாத்துனாருன்னு நமக்குத் தெரியாது, தங்கச்சி. நா பாத்தத நா எழுதுறேன். நீ பாத்தது அங்க இருக்கு. நோட்டு நடுவுல தையல் இருக்குல்ல, அது சேத்துக்கும்."

அன்றே அந்த இடது பக்கத்தில் ஆறு வரி எழுதினார். எழுதும்போது மீன் கறித் தட்டில் முழங்கை பட்டு நோட்டில் சிந்தியது. அந்த வாசம்தான் சாமி மேடையில் இருப்பது.

அச்சான புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன மாதம் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். லயம் இல்லை, ஆலை இல்லை, பெயருக்கு ஒரு ரப்பர் மரம் இல்லை. எங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் மேட்டில் ஏறினேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. பாப்பாத்தி அக்காவுக்குப் பிள்ளை பிறக்கும்வரை அம்மா தினமும் ஏறிய மேடு. கீழே, ஆலை இருந்த சமதரையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"அங்க என்னா தெரியுது, தங்கச்சி?"

"செம்பனைதாண்ணே."

"இங்கயும் அதான்லா. எறங்கி வா, பசிக்குது."

இறங்குமுன் காற்றுக்குக் கையால் மறைத்துக் கற்பூரம் ஏற்றினேன். முதலில் அம்மாவுக்கு. பிறகு அப்பாவுக்கு.