வெள்ளிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உப்பு

மழை பிடித்துக்கொண்டால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் குளமாகிவிடும். அந்த மூன்று மாதமும் மேரிசெல்வி, கூனிமேட்டுப் பக்கம் ஈசிஆர் ஓரத்தில் மணிவண்ணன் வைத்திருக்கும் பழம்பொருள் கடைக்குத் துடைத்துப் பெருக்கப் போவாள். தூசியைத் தவிர வேறெதிலும் அங்கே அவளுக்கு அதிகாரம் இல்லை.

அன்றைக்கு மேஜைமேல் உள்ளங்கையளவு வெள்ளிக் கிண்ணம் ஒன்று இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய சீமைச் சாமான். அல்லித்தண்டுகளும் இலைகளும் நெளிந்து நெளிந்து மேலேறி, உள்ளே ஒரு நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி கழற்ற வராமல் வெள்ளிக்குள் இறுகிப்போயிருந்தது. மணிவண்ணன் சுத்தியலை எடுத்தார்.

“வெள்ளிக்குத்தான் மேரிக்கா மதிப்பு. சாயந்திரம் வாங்குற பார்ட்டி வர்றாங்க. இந்தக் கண்ணாடி எவனோ பின்னாடி சொருவினது.”

மேரிசெல்வி கிண்ணத்தை வாங்கி, விளிம்பில் பூத்திருந்த வெள்ளைப் பொருக்கை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பளத்துக்காரர்களின் கெட்ட பழக்கம் அது. மணிவண்ணன் முகத்தைச் சுளித்தார்.

“உப்பு சார். இது உப்பு வெக்கிற கிண்ணம். உப்பு வெள்ளியத் தின்னுடும்னுதான் நடுவுல கண்ணாடி குடுத்திருக்காங்க. என் கொலுசே அப்படித்தான் போச்சு. நல்ல தண்ணில ஊறப்போட்டா வுட்ரும்.”

“ஒடஞ்சா?”

“நாளையிலேர்ந்து நான் வரலை.”

சொன்ன பிறகுதான் யோசித்தாள். இந்த வேலையும் போனால் தை வரைக்கும் அடுப்பு எப்படி எரியும்? வருடாவருடம் அவள் பிழைப்பைக் கரைக்கிற மழைத்தண்ணீரையே வாளியில் பிடித்து வந்து ஊறவைத்தாள். மூன்று முறை தண்ணீர் மாற்றினாள். மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. நாலு மணிக்குக் கண்ணாடி ஒரு கீறலில்லாமல் கழன்று வந்தது.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி மறைத்திருந்த உட்புறத்திலும் ஒவ்வொரு இலைக்கும் நரம்பு செதுக்கியிருந்தது. கண்ணாடியின் அடியிலும் வெள்ளியின் அடியிலும் ஒரே எண். இதற்கு இது என்று அளந்து சேர்த்திருக்கிறார்கள். எந்த ஊர் மகராசன்களோ, எத்தனை பொறுமையோ! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“யாரும் பாக்காத எடத்துல எதுக்கு இவ்ளோ வேலை?” என்றார் மணிவண்ணன்.

தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்னால் பாத்தித் தரையை நாள்கணக்கில் வெறுங்காலால் மிதித்து இறுக்குவார்கள். மிதித்து மிதித்து மேரிசெல்வியின் பாதம் வெடித்துக் கிடந்தது. உப்பு விளைந்த பிறகு தரையை யார் பார்க்கிறார்கள்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இவங்களும் மிதிச்சிருக்காங்க சார்.”

மணிவண்ணனுக்கு அது புரியவில்லை. ஆனாலும் இரண்டு அடியிலும் இருந்த ஒரே எண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டு, பார்ட்டிக்கு போன் போட்டு, கண்ணாடியோடுதான் தருவேன் என்று சொல்லிவிட்டு, சுத்தியலை டிராயருக்குள் வைத்தார்.