கந்தையா கிராணியும் காடு என்ற சொல்லும்

கந்தையா கிராணி மலாக்கா ஆஸ்பத்திரியில் காலமானார் என்ற சேதியை, சென்ற மாதம் புலாவ் செபாங் ஸ்டேஷனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். காய்ச்சலாம். அதற்கு முந்தின வாரம்தான் பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வழக்கம்போல் என் சுருட்டை வாங்கிப் புகைத்துவிட்டுப் போனார்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் ஆட்களை மேய்த்துக் கணக்கெழுதும் வெளிக்காட்டுக் கிராணி, நான் வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் தம் உத்தியோகத்தின் பெயரே அவருக்கு விளங்கவில்லை. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் பெண்கள் "காட்டுக்குப் போறோம்" என்றதும், "இது வரிசையா நட்ட ரப்பர் எல்லோ? இதை ஏன் காடு எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டார். பால் வெட்டும் முனியம்மாள்தான் பதில் சொன்னாள்: "எங்க சேலத்துப் பக்கம் சோளம் வெதச்சாலும் காடுதானுங்க ஐயா. பாடுபடற எடம் காடு."

அன்று பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம். 'கடு' என்பதிலிருந்து வந்தது காடு, கடினமான நிலம் என்பதே முதல் பொருள், மரமெல்லாம் பிறகு வந்தது என்பார். அப்படியானால் வெள்ளக்காடு எப்படி என்று நான் மடக்குவேன். "மனுசனால அடக்க ஏலாத எல்லாம் காடுதான், வாத்தியார்" என்பார். சரியோ தப்போ, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்போம்.

பிறகு, தோட்டத்து இடுகாட்டிலும் ரப்பர் கன்று நடச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். முனியம்மாளின் ஒரே மகனை அங்கேதான் புதைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் விளக்கு வைப்பாள். அதைத் தடுக்கக் கந்தையா, துரையின் பங்களாவுக்கு நடையாய் நடந்தார். வேலை போய்விடும் என்ற மிரட்டல்தான் மிச்சம். குழி வெட்டினார்கள், கன்று நட்டார்கள். எங்களுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அந்த மரங்கள் பால் வெட்டும் பருவத்துக்கு வந்தபோது, யாருக்கு எந்த நிரை மரங்கள் என்று பிரித்துக் கொடுத்தவர் கந்தையா. மகன் கிடந்த இடத்து நிரையை முனியம்மாளுக்கே கொடுத்தார். "என்னால இவ்வளவுதான் ஏலும், அக்கா" என்றார். கிராணிமார் தோட்டத்துப் பெண்களை அக்கா என்று கூப்பிடுகிற வழக்கம் இங்கே கிடையாது. அதன் பிறகு எல்லோருக்கும் முன்னால் அவள் காட்டுக்குப் போய்விடுவாள். மரத்தடியில் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள்.

அவர் இடத்துக்கு வந்த கிராணி நிரைகளை மாற்றிவிட்டார். நேற்று முனியம்மாள் என்னிடம் வந்து, "அந்தக் காட்டுல வேற ஆளு வெட்டுது, வாத்தியாரையா. நீங்க சொன்னா கேப்பாங்களா?" என்றாள். புதுக் கிராணியிடம் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. அவளிடம் திரும்பிப் போகாமல் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கந்தையா எனக்கு விட்டுப்போனது ஒரு சொல்லும், அதற்கு அவர் கண்ட பொருள்களும். அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. முனியம்மாளுக்கு அவர் விட்டுப்போனது ஒரு நிரை மரங்கள். அதைப் பிடுங்கிவிட்டார்கள்.