வெண்டல் நட்ட நான்கு வரிசை

வெண்டல் ஸ்ட்ரூப்புக்கு அறுபத்தெட்டு வயது. செனக்கா ஏரிக்கு மேலே, நூற்றைம்பது வருடத்து மரக்களஞ்சியத்தில் நடக்கும் எங்கள் ஒயின் ஆலைக்குப் பத்தொன்பது வருடமாகத் திராட்சை வளர்த்தவர். வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது என் வேலை. அவர் பழமெல்லாம் ஊரார் பழத்தோடு ஒரே தொட்டியில் கலந்துவிடும். எது தன் ஒயின் என்று அவருக்கே தெரியாது. இந்த அக்டோபரோடு போதும் என்று முழங்கால் சொல்லிவிட்டது. அதனால் முதலாளியம்மா லொரெய்ன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: களஞ்சிய வாசலுக்கு எதிரே, கல்லுச் சரிவில் வெண்டல் தன் கையால் நட்ட நான்கு வரிசையை மட்டும் தனியாகப் பிழிந்து, அவர் பெயரிலேயே புட்டியில் அடைப்பது. மனுஷன் கோடை முழுக்க இதையே சொல்லி என் காதைத் தின்றார்.

"இன்னும் ரெண்டு நாள் வெயில் பட்டா போதும். திங்கக்கிழமை பறிச்சிரலாம்" என்றார் அந்தச் சனிக்கிழமை காலையிலும்.

இலை சிவக்கும் மாதத்தில் எங்கள் களஞ்சியத்தில் ஒரு சனிக்கிழமைகூடச் சும்மா போகாது, கல்யாணம்தான். மணமக்கள் வாசலில் நின்று உறுதிமொழி சொல்வார்கள். பின்னால் திராட்சைக் கொடி தெரிய வேண்டும். கொடிமேல் போர்த்திய வலை படத்தில் அசிங்கமாக விழும் என்றாள் புகைப்படக்காரி.

"வலையக் கழட்டினா கருமைனாவுக்கு இலை போட்ட மாதிரிம்மா" என்றார் வெண்டல்.

"ஒரு மணி நேரந்தானே! முடிஞ்சதும் மூடிக்கங்க" என்றார் லொரெய்ன்.

"பறவை வெரட்டுற பீரங்கியாச்சும் வெடிக்கட்டும்."

"உறுதிமொழி நடுவுல டமால்னா பொண்ணு மயங்கி விழுந்துருவா. அதையும் நிறுத்துங்க."

பாவம், வலையைக் கழற்றி, பீரங்கியையும் தன் கையாலேயே நிறுத்தினார்.

மணி நாலு. மாப்பிள்ளை காகிதத்தை விரித்தான். ஏரிப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு கூட்டம் எழுந்தது, ஆயிரக்கணக்கில். வானத்தில் ரெண்டு சுற்றுச் சுற்றி, நான்கு வரிசைமேலும் இறங்கியது. விருந்தாளிகள் "அடடா!" என்று போனைத் தூக்கினார்கள். படுபாவி மாப்பிள்ளையோ நாலு பக்கம் எழுதி வைத்திருந்தான்.

வெண்டல் ஓடப் பார்த்தார். லொரெய்ன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் வெண்டல், கேமரா ஓடுது."

கத்த முடியாது, கல் எறிய முடியாது. தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேலே வீசி வீசி ஆட்டினார். ஒரு பறவைகூட அசையவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினார்கள். தட்டில் இருபது கோப்பையோடு நானும் சும்மாதான் நின்றேன்.

கடைசியில் கைதட்டல் கேட்டுத்தான் பறவைக் கூட்டம் கிளம்பியது. கொடியில் காம்புதான் மிச்சம். தப்பிய பழத்திலும் அலகு கொத்திய காயம்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா..." என்று ஆரம்பித்த லொரெய்ன், வெண்டலின் முழங்காலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மணப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வெண்டலின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள்.

"நீங்கதானே தோட்டக்காரர்? அந்தப் பறவைங்க, அப்பப்பா! அதவிட, எங்களுக்காக நீங்க தொப்பிய ஆட்டினீங்க பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு."

"எனக்குந்தாம்மா" என்றார் வெண்டல்.