கையை எடுத்தால் சாயும் மான்கள்

சாரல் அடிக்கிற நாளில் பசை லேசில் இறுகாது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் தார்ப்பாய் கட்டிப் பொம்மைக் கடை போட்டிருந்த எங்களுக்குச் சீசன் முழுக்க இதே பாடுதான். சுண்டுவிரல் உயர மான்களை வட்ட மரத்துண்டுகளில் ஒட்டி விற்றோம். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பசையைக் குழைத்துக் குளம்புகளில் தொட்டு வைக்க வேண்டும். மானுக்கு அந்த நான்கு குளம்புகள்தான் பிடிமானம். இறுகுவதற்கு முன் கையை எடுத்தால் குடிகாரன்போல ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம்.

அன்று காலை அப்பா, சீசன் முடிந்ததும் கடையைக் கன்னியாகுமரிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். யாரையும் கேட்கவில்லை. இடம்கூடப் பேசி முடித்துவிட்டார். அம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"பிள்ளை மூணு பள்ளிக்கூடம் மாறியாச்சு. இன்னும் வாய்ப்பாடு ஒழுங்கா வரல. நீங்க எங்கன வேணாலும் போங்க. நான் இவளக் கூட்டிட்டு ராயகிரிக்குப் போறேன். எங்க அண்ணன் வீட்டுல இருந்து படிக்கட்டும்."

அப்பா அடுத்த மானை எடுத்துக் குளம்பில் பசை தொட்டார். அம்மா என் சட்டைகளையும் தன் சேலைகளையும் கட்டைப்பையில் திணித்தாள். மத்தியானம் தென்காசிக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. மாமா வீட்டில் டிவி உண்டு, ஒழுகாத கூரை உண்டு. ஆனால் அப்பா இருக்க மாட்டார். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு மரத்தைத் தேய்த்தேன்.

கிளம்புமுன் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி அப்பாவின் முன்னால் நகர்த்தினாள். அவர் கைக்கொரு மானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, உங்கம்மட்ட சொல்லு. ரெண்டு கையும் வேலையா இருக்கு, பசிக்குதுன்னு."

பக்கத்திலேயே இருந்த அம்மா என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். "வாய் சும்மாதான இருக்கு? குனிஞ்சு திங்கச் சொல்லு."

அப்பா நிஜமாகவே குனிந்தார். மூக்கில் குழம்பு ஒட்டியது. அடுத்த கடையில் சிப்ஸ் பொரிக்கிற அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்னவே, மான் காட்டுக்கு ஓடிருமாக்கும்? இந்தப் புடி புடிச்சிருக்கீரு!"

"உம்ம சட்டியப் பாரும்வே, கருகுது."

அம்மா முந்தானையால் அப்பாவின் மூக்கைத் துடைத்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் துடைத்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் கொடுத்தாள். அப்புறம் இன்னொரு வாய்.

"அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருதேன். தெனமும் நானே கொண்டுபோய் விடுதேன்," என்றார் அப்பா. இந்தத் தடவை என்னிடம் சொல்லி அனுப்பவில்லை, நேராக அவளிடமே சொன்னார்.

"ஆமா, கிழிச்சீங்க," என்றாள். ஆனால் அடுத்த உருண்டை பெரிதாக இருந்தது.

பஸ் நேரம் கடந்தது. பையை யாரும் எடுக்கவில்லை. கன்னியாகுமரியில் என்னைச் சேர்க்கத்தான் செய்தார்கள். அப்பா கொண்டுபோய் விடவும் செய்தார். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று ஆனதில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போதும் சந்தை சந்தையாகத்தான் சுற்றுகிறேன். குறையாகச் சொல்லவில்லை, அப்படி ஆனது.

அன்றைக்குத் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே, அப்பாவின் கையிலிருந்த மானை நான் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொன்றையும் ஆட்டினேன். அதுவும் கல்லாக இறுகியிருந்தது. கையை எடுத்துவிட்டு அவரே சாப்பிடலாமே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு உருட்டிய சோற்றை என் வாயில் திணித்து, "பேசாம தின்னு," என்றாள்.

நல்ல சேதி சொல்ல வந்தவளை இப்படியா அடக்குவது என்று எனக்கு அழுகை வந்தது. அப்பாவோ அடுத்த வாய்க்காகக் காத்திருந்தார்.